கோரிக்கை எண் 4417

மார்ச் 3, வியாழன்

மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். நீங்களும் நலம் என்று நானே நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உங்கள் மனைவிதான். உங்களோடு பேச்சு இல்லையாம், கைக்கு மட்டும் தடையில்லை. நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். நீங்கள் எழுதும் பதிலையும் அவள்தான் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஆகவே பார்த்து எழுதுங்கள்.

போன் செய்யலாமே என்பீர்கள். கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் எனக்கு நாற்பத்து மூன்று தடவை போன் செய்திருக்கிறீர்கள். அதில் நாற்பத்தொரு தடவை "ஒரு நிமிஷம் மாமா, ஆஸ்பத்திரில கூப்பிடுறாங்க" என்று வைத்துவிட்டீர்கள். திரும்பக் கூப்பிட்டதே இல்லை. கடிதத்தை யாரும் பாதியில் துண்டிக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் கத்திரி போன வெள்ளிக்கிழமை இரண்டு பைகளோடு வந்து இறங்கினாள். "என்னம்மா திடீர்னு?" என்றேன். "ஏன், வரக்கூடாதா?" என்றாள். அதற்கு மேல் வாயே திறக்கவில்லை. சின்ன வயதில் கையில் அகப்பட்டதையெல்லாம் கத்தரித்துப் போட்டதால்தான் அவளுக்கு அந்தப் பெயர் வைத்தோம். இப்போது பேச்சையும் கத்தரிக்கிறாள்.

வந்தவள் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. என் அடுப்படி டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் துணிப்பட்டையில் பேர் எழுதிக் கட்டிவிட்டாள். எனக்கு அதெல்லாம் கோடும் சுழியும். நேற்று என் டீயில் உப்பு.

(எழுதுபவளின் குறிப்பு: டப்பாவின் மேல் 'உப்பு' என்று தெளிவாக எழுதியிருந்தது.)

பார்த்தீர்களா? சீக்கிரம் வந்து உங்கள் மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். மகள் வந்ததில் சந்தோஷம்தான், ஆனால் எனக்கு டீயும் வேண்டும்.

இப்படிக்கு,
மாமா
(வழக்கம்போல் கையெழுத்துக்குப் பதில் ஒரு சாவி வரைந்திருக்கிறேன்.)

*

மார்ச் 6, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை உறையின் மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்துத்தான் அவசரமாகப் பிரித்தேன். உள்ளே நீங்கள் இருந்தீர்கள். ஏமாற்றம் என்று சொல்ல மாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது மேஜையில் "அப்பா வீட்டுக்குப் போகிறேன்" என்று மூன்று சொற்கள் இருந்தன. காரணம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. போன் செய்தால் எடுப்பதில்லை.

என் பிழைப்பை நீங்கள் கொஞ்சம் கேட்க வேண்டும். இந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் என்று பெயர் கொண்ட எதற்கு நோய் வந்தாலும் நான்தான் மருத்துவர். நேற்று முன்தினம் எலும்பு டாக்டர் கூப்பிட்டு, "மெஷின் செத்துப்போச்சு, உடனே வாங்க" என்றார். லிப்டும் வேலை செய்யவில்லை. நான்கு மாடி ஏறிப் போனால் திரையின் சுவிட்சை யாரோ அணைத்திருக்கிறார்கள். போட்டேன். "இதை முன்னாடியே பண்ணியிருக்கலாம்ல?" என்கிறார்.

(இங்கே எழுந்து போனேன். பிரிண்டருக்குள் தலைமுடிக் கிளிப்.)

வந்துவிட்டேன். பாஸ்வேர்டை யாருக்கும் காட்டாதீர்கள் என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். வரவேற்பறையில் அந்தத் தாளின் மேலேயே பாஸ்வேர்டை எழுதி, வருகிறவர் பார்க்கும்படி ஒட்டிவைத்திருக்கிறார்கள். எல்லாம் ஓடினால் "உங்களுக்கு இங்க என்னதான் வேலை?" நின்றுவிட்டால் "நீங்க எதுக்கு இருக்கீங்க?"

(மறுபடியும் போனேன். யாரோ மின்விசிறி போடுவதற்காக நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள்.)

இந்த மாதம் 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சர்வர்களை எல்லாம் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறோம். அதுவரை அசைய முடியாது. அது முடிந்ததும் பறந்து வருகிறேன்.

அடுத்த மூன்று வரிகள் உங்களுக்கு அல்ல மாமா, வாசிப்பவருக்கு.
உன் தையல் மெஷினைத் தினமும் துடைத்து வைக்கிறேன். ஊசியில் நீ கோத்த நீல நூல் அப்படியே இருக்கிறது.
வீட்டுக்குள் வரும்போது அந்தச் சத்தம் கேட்காததுதான் பெரிய சத்தமாக இருக்கிறது.
நான் என்ன செய்தேன் என்று மட்டும் சொல்.

மாப்பிள்ளை

*

மார்ச் 9, புதன்

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. கத்திரி வாசித்தாள். வாசித்து முடித்ததும் தாளை என் கையில் வாங்கி வரிகளை எண்ணினேன். எழுத்துதான் தெரியாது, எண்ணிக்கை தெரியும். தாளில் நாற்பத்திரண்டு வரி. அவள் வாசித்தது முப்பத்தெட்டு. "நாலு வரி எங்கம்மா?" என்றேன். "அடிச்சுட்டாரு" என்றாள். அடித்த கோடு எதையும் நான் பார்க்கவில்லை. பிறகு ஏதோ வேலை இருப்பதுபோல் கொல்லைப்பக்கம் போனாள். போனவள் கால் மணி நேரம் வரவில்லை.

(எழுதுபவளின் குறிப்பு: துணி காயப்போடப் போனேன்.)

அன்றைக்குத் துணியே துவைக்கவில்லை.

அந்த நான்கு வரி என்னவாக இருந்தாலும் சரியான இடத்தில் பட்டிருக்கிறது. அதே சூட்டில் கேட்டேன்: "அவர் என்னதான் பண்ணினாரு? அடிச்சாரா, திட்டினாரா?" "அந்த மனுஷனுக்குத் திட்டக்கூட நேரம் ஏது?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. அவர்கிட்ட அந்த நம்பரைச் சொல்லுங்க, தெரிஞ்சுப்பாரு" என்றாள். அவ்வளவுதான்.

சொல்லிவிட்டேன். இது என்ன நம்பர்? மனைவியின் கோபத்துக்கெல்லாம் உங்கள் ஊரில் நம்பர் உண்டா?

இன்னொன்று. நீங்கள் ஒரே கடிதத்துக்குள் இரண்டு தடவை எழுந்து போயிருக்கிறீர்கள். அதை வாசித்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "பாத்தீங்களாப்பா?" என்று ஒரு சொல் கேட்கவில்லை, கேட்ட மாதிரியே இருந்தது.

மாமா
(சாவி)

*

மார்ச் 11, வெள்ளி

மாமா,

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததிலிருந்து சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று இருக்கிறது.

விளக்கமாகச் சொல்கிறேன். இங்கே புகார் சொல்ல வேண்டுமென்றால் வரிசையில் பதிய வேண்டும், நம்பர் வாங்க வேண்டும். எல்லாரும் அதைத் தாண்டி நேராக என் ஈமெயிலுக்கு அனுப்பித் தொல்லை செய்தார்கள். போன வருஷம் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். என் பெயருக்கு எந்த ஈமெயில் வந்தாலும் கம்ப்யூட்டர் தானாகவே அதை வரிசையில் சேர்த்து, நம்பர் போட்டு, பதிலும் அனுப்பிவிடும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பிப்ரவரி 17ஆம் தேதி அவள் எனக்கு ஈமெயில் அனுப்பியிருக்கிறாள். போனில் அனுப்பினால் நான் பார்ப்பதில்லை என்று அங்கே அனுப்பியிருக்கிறாள். இதோ, உள்ளது உள்ளபடி:

"ஒரு ஞாயிற்றுக்கிழமை வேணும். காலைல எழுந்ததிலேருந்து படுக்கிற வரைக்கும். போன் இல்லாம. எப்பன்னு சொல்லுங்க."

அதற்குக் கம்ப்யூட்டரின் பதில்:

"உங்கள் கோரிக்கை பெறப்பட்டது. எண் 4417. முன்னுரிமை: குறைவு. பிரச்சினை உள்ள கருவியின் பெயரையும் அது இருக்கும் மாடியையும் குறிப்பிடவும்."

ஏழு நாள் கழித்து, 24ஆம் தேதி மாலை:

"மேலதிக விவரம் கிடைக்காததால் உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டதாகக் கருதி மூடப்படுகிறது. எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

மறுநாள் அவள் உங்கள் வீட்டில்.

மாமா, அந்தக் கேடுகெட்ட பதிலை எழுதியவன் நான்தான். எலும்பு டாக்டருக்காக எழுதியது. இதை அவள் வாசித்துக்கொண்டிருப்பாள் என்று தெரியும். எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியவில்லை. 4417ஐத் திரும்பத் திறந்துவிட்டேன். முன்னுரிமையையும் மாற்றினேன். 'அவசரம்' என்பதற்கு மேல் எங்கள் பட்டியலில் எதுவும் இல்லை, இருந்தால் அதைப் போட்டிருப்பேன்.

உடனே கிளம்பி வராததற்குக் காரணம் ஒன்றுதான். சர்வர் அறையில் நூற்றெண்பத்தாறு வயர்கள். எல்லாம் ஒரே நீலம். எது எங்கே போகிறது என்பது என் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அடையாளத் தாள் ஒட்டிப் பார்த்தேன், ஏசிக் குளிரில் பசை காய்ந்து மூன்றாம் நாள் எல்லாம் தரையில். என்னோடு வேலை பார்க்கும் தாடிக்காரரும் கண்ணாடிக்காரம்மாவும் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் நான் இல்லாமல் அவர்கள் அவிழ்த்தால் திரும்பக் கட்ட முடியாது. நான் ஒரு ஆள் இல்லையென்றால் ஆஸ்பத்திரியே நின்றுவிடும் மாமா.

மாப்பிள்ளை

*

மார்ச் 14, திங்கள்

மாப்பிள்ளைக்கு,

இந்தத் தடவை ஒரு வரி விடாமல் வாசித்தாள். அந்தக் கம்ப்யூட்டர் பதிலை வாசித்தபோது நான் சிரித்துவிட்டேன். 'எந்த மாடி' என்ற இடத்தில் அடக்க முடியவில்லை. "சிரிக்காதீங்கப்பா" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் உதடு துடித்தது. உடனே கடுப்பாக முகத்தை வைத்துக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன்.

ஆனால் மாப்பிள்ளை, கடைசி வரியில் கெடுத்துவிட்டீர்கள். "ஆஸ்பத்திரி நின்னுடுமாம்" என்று தாளை மடித்து வைத்தாள். "வீடு நின்னு ரெண்டு வாரம் தாண்டியாச்சே, அது தெரியலையா?" என்றாள். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்:

"27ஆம் தேதி ஞாயித்துக்கிழமை. அதுதான் நான் கேட்ட ஞாயிறு. வேற ஞாயிறு வேண்டாம். அன்னிக்கு வரலைன்னா திங்கட்கிழமை தையல் மெஷினை லாரியில ஏத்தி அனுப்பிடச் சொல்லுங்க."

ஒரு அடித்தல் இல்லாமல் எழுதினாள். எனக்குத்தான் பயமாகிவிட்டது. மெஷின் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவளுக்கு வீடு. அது இங்கே வந்து இறங்கிவிட்டால் அப்புறம் நீங்கள் நூறு கடிதம் போட்டாலும் அவள் திரும்ப மாட்டாள். டீயில் உப்பென்று நான் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். இது விளையாட்டில்லை.

கடிதம் முடிந்தது என்று நினைத்தேன். "இருங்க, ஒண்ணு கேட்டு எழுதணும்" என்கிறாள்.

(எழுதுபவளின் குறிப்பு: நூற்றெண்பத்தாறு வயர்களும் எங்கிருந்து எங்கே போகின்றன என்று பட்டியல் அனுப்பச் சொல்லவும். பசைதான் காயும். துணிப்பட்டையை முடிச்சுப் போட்டால் எந்த ஏசியிலும் விழாது. இது அவருக்காக இல்லை. அந்தத் தாடிக்காரரையும் கண்ணாடிக்காரம்மாவையும் நினைத்தால் பாவமாக இருக்கிறது.)

மாமா
(சாவி)

*

மார்ச் 16, புதன்

மாமா,

பட்டியல் இதோடு இருக்கிறது, ஆறு பக்கம். ஒரு முழு ராத்திரி அல்ல, ஒரு முழுப் பகல் கதவைப் பூட்டிக்கொண்டு எழுதினேன். வெளியே "ஆள் இல்லை" என்று பலகை மாட்டினேன். ஐந்து பேர் கதவைத் தட்டி, "ஆள் இல்லையா?" என்று என்னிடமே கேட்டார்கள். "இல்லை" என்றேன். போய்விட்டார்கள்.

இந்தக் கடிதத்தில் ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை என்பதை வாசிப்பவர் கவனிக்கவும்.

மாப்பிள்ளை

*

மார்ச் 19, சனி

மாப்பிள்ளைக்கு,

பார்சலில் நூற்றெண்பத்தாறு துணிப்பட்டைகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரிப் போர்வையில் குறி போடுவார்களே, அந்த அழியாத மையில் எழுதியிருக்கிறாள். மெஷின் இல்லாததால் ஓரமெல்லாம் கையால் தைத்தாள். இரண்டு நாள் என் வீடு முழுக்கக் கொடி கட்டியதுபோல் இருந்தது.

பட்டியலை அவள் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினாள். அடுத்த அறையில் இருந்த எனக்கும் தப்பிக்க வழியில்லை. இப்போது எனக்கு உங்கள் சர்வர் அறை மனப்பாடம். அதில் ஒரு சந்தேகம். மூன்றாம் அலமாரி, பதினோராம் துளை. இரண்டாம் பக்கத்தில் அது எக்ஸ்ரே அறைக்குப் போகிறது என்கிறீர்கள். ஐந்தாம் பக்கத்தில் அதே மூன்றாம் அலமாரி, அதே பதினோராம் துளை, ரத்தப் பரிசோதனைக்கு என்கிறீர்கள். ஒரு துளையில் இரண்டு வயர் எப்படி நுழையும்?

"தப்பா கேட்டிருப்பீங்கப்பா" என்றாள். இரண்டு பக்கத்தையும் எடுத்துப் பார்த்தாள். அப்புறம் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கிடங்கில் முப்பத்தொரு வருஷம் சாவி பார்த்தவன் நான். ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி என்றால் காது தானாக நிமிரும்.

அந்த இரண்டு பட்டைகளை மட்டும் எழுதாமல் பார்சலிலேயே தனியே வைத்திருக்கிறாள், சரிபார்த்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

மாமா
(சாவி)

*

மார்ச் 23, புதன்

மாமா,

காலில் விழுகிறேன். எக்ஸ்ரே பதினொன்று, ரத்தப் பரிசோதனை பதினேழு. நான் எழுதியதில்தான் பிழை. என் தலைக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆறு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். நானே அந்தப் பட்டியலைப் பார்த்து மாட்டியிருந்தால் ஞாயிறு முழுக்க ஏன் ரத்த முடிவு வரவில்லை என்று தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

எல்லாப் பட்டைகளையும் கட்டிவிட்டோம். தாடிக்காரர் ஒத்திகைக்காக ஒரு அலமாரியை முழுக்க அவிழ்த்து, நான் வெளியே நிற்க, திரும்ப மாட்டிக் காட்டினார். கண்ணாடிக்காரம்மா, "சார், இவ்வளவு அழகான கையெழுத்து யாரோடது?" என்றார். சொன்னேன். "அவங்களையா கோபப்படுத்தினீங்க?" என்றார்.

ஞாயிறு காலை முதல் பேருந்தில் வருகிறேன். இதை வாசிக்கும்போது குரல் தடுமாறுகிறதா என்று மட்டும் கவனித்து வையுங்கள்.

மாப்பிள்ளை

*

மார்ச் 31, வியாழன்

மாப்பிள்ளைக்கும் கத்திரிக்கும்,

இதை எழுதுவது தெருமுனை மருந்துக்கடை அம்மா. எழுத்து புரியாவிட்டால் என்னைக் குறை சொல்லாதீர்கள். இருபது வருஷம் டாக்டர்கள் எழுதியதைப் படித்துப் படித்து இவருக்கும் அதே கை வந்துவிட்டது.

(எழுதுபவரின் குறிப்பு: எனக்கு வேறு வேலையும் இருக்கிறது.)

நீங்கள் இருவரும் போனதிலிருந்து வீடு அமைதியாக இருக்கிறது. டப்பாக்களைப் பழைய இடத்துக்கு மாற்றிவிட்டேன். பட்டைகளை அவிழ்க்கவில்லை, அழகாகத்தான் இருக்கின்றன. டீ நன்றாக இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு. வந்ததும் வீராப்பாகப் போனை என் சாவிப்பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தீர்கள். பத்து மணிக்கு, "மணி அடிச்ச மாதிரி இருந்துச்சே" என்றீர்கள். அடிக்கவில்லை. மதியம் சாப்பிடும்போது பாதிக் கவளத்தில் காதைத் தீட்டினீர்கள். பெட்டி சும்மா இருந்தது. நாலு மணிக்கு அவளே மனம் இரங்கி, "அப்பா, பாவம், திறந்து காட்டுங்க" என்றாள். திறந்தால் ஒரு அழைப்புகூட இல்லை. தாடிக்காரர் அனுப்பிய ஒரே ஒரு செய்தி: "எல்லாம் ஓடுது சார். நல்லா ரெஸ்ட் எடுங்க."

அப்போது உங்கள் முகம் போன போக்கு! "சார்ஜ் இருக்கு, சிக்னல் இருக்கு, ஏன் ஒருத்தர்கூடக் கூப்பிடல?" என்றீர்கள். அவள் சிரித்த சிரிப்பு மருந்துக்கடை வரைக்கும் கேட்டதாம்.

(கேட்டது.)

அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உங்களுக்கு வலித்தது எனக்குத் தெரியும். ஏனென்றால் எனக்கும் அது நடந்திருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

கிடங்கில் இருநூற்றுப் பன்னிரண்டு சாவி. ஒன்றிலும் குறி கிடையாது. எழுதி வைத்தாலும் எனக்குப் படிக்கவா தெரியும்? எல்லாம் தலையில். நான் இல்லாவிட்டால் கிடங்கு திறக்காது என்று நெஞ்சை நிமிர்த்தி நடப்பேன். ஒரு வருஷம் மஞ்சள் காமாலை வந்து இருபத்திரண்டு நாள் படுத்துவிட்டேன். யாராவது ஓடி வந்து கட்டிலருகே நின்று, "அந்தச் சாவி எது?" என்று கேட்பார்கள் எனக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் ஒவ்வொரு சாவியிலும் ஒரு வண்ணத் துணி. சிவப்பு வரிசை, பச்சை வரிசை, பூப்போட்ட வரிசை. கதவுகளிலும் அதே துணி. கிடங்கு கூட்டும் பெண் தன் பழைய சேலைகளைக் கிழித்துக் கட்டியிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்து எறிந்தேன். மறுநாள் காலை பார்த்தால் திரும்பக் கட்டியிருந்தது. மறுபடி அவிழ்த்தேன். மறுபடி கட்டினாள். "உங்களுக்கென்ன, நீங்க தலையில வச்சுக்கோங்க. எங்களுக்குக் கதவு திறக்கணும்" என்றாள். மூன்றாம் தடவை கட்டியபோது, இவளோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று கல்யாணம் பண்ணிக்கொண்டேன்.

உங்கள் மாமியார்தான். கத்திரிக்கு அந்தத் துணிப்பட்டைப் புத்தி எங்கிருந்து வந்தது என்று நினைத்தீர்கள்?

மருந்துக்கடை அம்மா மூக்கை உறிஞ்சுகிறார். நிறுத்திக்கொள்கிறேன்.

மாமா
(சாவி)

*

ஏப்ரல் 3, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் கையெழுத்து மருந்துக்கடை அம்மாவின் எழுத்தைவிட மோசம் என்று தீர்ப்பாகிவிட்டது.

கிடங்குக் கதையை இவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். அம்மா கிடங்கில் வேலை பார்த்தது தெரியுமாம், சேலை கிழித்தது தெரியாதாம். பாதியில் நிறுத்திவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்து ஒரு கால் மணி நேரம் வெறும் துணியைத் தைத்தாள்.

(எழுதுபவளின் குறிப்பு: தலையணை உறை தைத்தேன்.)

உறை எதையும் நான் பார்க்கவில்லை மாமா.

இப்போது ஆஸ்பத்திரியில் எது நின்றாலும் மூன்று பேரும் முறை போட்டுக்கொள்கிறோம். எலும்பு டாக்டர் நேற்று தாடிக்காரரைக் கூப்பிட்டாராம். நான்கு மாடி ஏறிப் போனாராம். திரை சுவிட்சுதான். எனக்கு எவ்வளவு ஆனந்தமாக இருந்தது தெரியுமா! திரும்பும்போது தாடிக்காரர் அந்தச் சுவிட்சில் ஒரு துணிப்பட்டை கட்டிவிட்டு வந்திருக்கிறார்.

அந்தத் தானியங்கிப் பதிலை அழித்துவிட்டேன். அழிப்பதற்கு முன் 4417ஐ இவளே மூடினாள். நான் மூடக்கூடாதாம், கேட்டவள்தான் மூட வேண்டுமாம். நட்சத்திரம் கேட்டது. நாலு கொடுத்தாள். "அஞ்சாவது?" என்றேன். "அடுத்த ஞாயிறு பாக்கலாம்" என்றாள்.

அந்த ஞாயிறு இன்றைக்குத்தான். போன் எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாது. இவள் சொல்லவும் மாட்டேன் என்கிறாள்.

மாமா, வரிகளை எண்ணுவீர்கள் என்று தெரியும். கடைசி வரியை மட்டும் மருந்துக்கடை அம்மா வாசிக்க வேண்டாம். அதில் எழுத்து இல்லை. நீங்களே வாசித்துக்கொள்ளலாம்.

(இங்கே ஒரு சாவி வரைந்திருக்கிறது. அதன் வளையத்தில் முடிச்சுப் போட்ட ஒரு துண்டுத் துணி. பக்கத்தில் வாயைத் திறந்த ஒரு கத்திரிக்கோல், சிரிக்கிற மாதிரி.)